பழைய உறுப்பும் புதிய உடலும்

பழையதை என்ன செய்வது என்னும் வினா, பழையது மிகுந்து கிடக்கும் ஊர்களில்தான் கூர்மையாக எழுகின்றது. கோலார் தங்கவயல் அத்தகைய ஊர்களுள் ஒன்று. 1880ஆம் ஆண்டில் ஜான் டெய்லர் நிறுவனத்தார் இங்குச் சுரங்கப் பணியை ஏற்றது தொடங்கி, 2001ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள் பாரத் தங்கச் சுரங்க நிறுவனத்தின் பணி நிறுத்தப்பட்டது வரை, ஏறத்தாழ 120 ஆண்டுக் காலம் இம்மண்ணிலிருந்து பொன் எடுக்கப்பட்டது. சாம்பியன் ரீப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் மிகுந்த ஆழம் கண்டது. 1902ஆம் ஆண்டிலேயே காவிரியின் சிவசமுத்திர அருவியிலிருந்து ஏறத்தாழ 147 கிலோமீட்டர் தொலைவு கம்பி இழுத்து இவ்வூர்ச் சுரங்கங்களுக்கு மின்சாரம் கொணர்ந்தனர். பொன் போயிற்று, எஞ்சியவை சயனைடு மண்மேடுகளும், துருவேறிய இரும்பும், அவ்விரும்போடு வாழ்ந்தவர்தம் கைத்திறனுமே ஆகும்.

அக்கைத்திறன் எளியதன்று. ஆழ்குழியில் இறங்கியவர் ஒரு பாதியென்றால், மேலே பட்டறைகளில் பிட்டராகவும் டர்னராகவும் கொல்லராகவும் வார்ப்பவராகவும் நின்றவர் மறுபாதி. இங்கிலாந்திலிருந்து வந்த இயந்திரத்தில் ஓர் உறுப்பு முறிந்தால், மாற்று உறுப்பு கப்பலில் வரும்வரை சுரங்கம் காத்திராது. ஆகவே, உள்ளதைக் கொண்டு இல்லதைச் செய்யும் கலை இவ்வூரில் தேவையின் பொருட்டே வளர்ந்தது. வட ஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் வந்து குடியேறிய நம் முன்னோர் பலர் அக்கலையைத் தந்தையிடமிருந்து மகன் என்னும் முறையில் கற்றனர்.

இனி ஒன்றைக் கற்பனை செய்து பார்ப்போம். அத்தகைய பிட்டர் ஒருவரின் பேரன், இராபர்ட்சன்பேட்டையில் தன் வீட்டுக் கொல்லையில் தானே ஒரு மோட்டார் வண்டியைக் கட்டுகிறான் என்று கொள்வோம். அடிச்சட்டம் ஒரு பழைய ஜீப்பினுடையது. பின்னச்சு ஓர் அம்பாசடர் காரினுடையது. இயந்திரம் அண்மைக் காலத்தது. முன்பலகையிலோ, சுரங்கத்தின் காற்றழுத்த இயந்திரத்தில் ஒரு காலத்தில் இருந்த பித்தளை அழுத்தமானியைப் பதிக்க விரும்புகிறான். தாத்தாவின் கண்கள் நாள்தோறும் பார்த்த கருவி அது. இவ்விளைஞன் செய்வது காப்பதா, குலைப்பதா? அவ்வண்டி பழையதா, புதியதா? அவன் அதனை எப்பெயரால் அழைக்கலாம்? சிறுபிள்ளை விளையாட்டுப் போலத் தோன்றும் இவ்வினாக்கள், சற்று ஆழ்ந்து நோக்கின், ஊர் விட்டு ஊர் வந்து வாழும் நம் அனைவரையும் தொடுவன என்பது புலனாகும்.

இவ்வகை வண்டியை அமெரிக்கர் ‘ஹாட் ராட்’ என்பர். 1930ஆம் ஆண்டுகளில் தென் கலிபோர்னியாவின் வறண்ட ஏரிப் படுகைகளில் இது வளர்ந்தது. 1908 முதல் 1927 வரை ஒன்றரைக் கோடிக்கும் மேலாகச் செய்யப்பட்ட போர்டு ‘டி’ வகைக் கார்கள் அக்காலத்தில் மலிவாகக் கிடைத்தன. அவற்றின் ஆற்றல் 20 குதிரைத் திறனே. 1932இல் போர்டு நிறுவனம் 65 குதிரைத் திறனுடைய எட்டு உருளை இயந்திரத்தை வெளியிட்டது. கையில் காசில்லாத இளைஞர், காயலான் கடையில் கிடைத்த பழைய உடலை இலேசாக்கி, அதனுள் வலிய இயந்திரத்தைப் பொருத்தி விரைந்தனர். போர் முடிந்தபின் 1946ஆம் ஆண்டில் பில் பர்க் என்பவர், போர் விமானத்தின் அடியில் தொங்கிய எரிபொருள் கலத்தையே வண்டியின் உடலாக்கினார். போருக்குச் செய்யப்பட்ட பொருள் விளையாட்டுக்குப் பயன்பட்டது.

நம் நாட்டிலும் இம்மரபு இல்லாமலில்லை. ஹரியானாவின் மண்டி டப்வாலியில் பழைய ஜீப்புகளின் உறுப்புகளைக் கொண்டு புதுவண்டி கட்டுதல் ஒரு தொழிலாகவே வளர்ந்தது. சென்னைப் புதுப்பேட்டையில் பிரிக்கப்படும் வண்டிகளின் உறுப்புகள் எத்தனை வண்டிகளில் மறுபிறவி எடுத்துள்ளன என்பதை யார் எண்ணிக் கூறவல்லார்? கோவை ஜி. டி. நாயுடு (1893–1974), இளமையில் உணவு விடுதியில் உழைத்துச் சேர்த்த பணத்தில் ஒரு வெள்ளைய அதிகாரியின் ரட்ஜ் மோட்டார் சைக்கிளை வாங்கி, அதனைப் பகுதி பகுதியாகப் பிரித்து மீண்டும் பூட்டிக் கற்றார் என்பது தமிழகம் நன்கறிந்த செய்தி. பிரித்தல் எல்லாம் அழித்தல் ஆகாது என்பதற்கு அஃதொன்றே சான்று. அவர் பிரித்தது அறிவதற்காக; அறிந்தபின் பூட்டினார்.

ஆயினும், எல்லாப் பிரித்தலும் அத்தகையதன்று. ஈண்டு மூன்று நிலைகளைப் பிரித்தறிதல் வேண்டும். உலைக்குச் செல்லவிருந்த உறுப்பை மீட்டு ஒரு வண்டியில் பொருத்துதல் முதல் நிலை, இது காத்தல். முழுமையாகவும் நலமாகவும் நிற்கும் ஒரு பழைய வண்டியை, அதன் ஓர் உறுப்பின்மேல் கொண்ட ஆசையால் அறுத்தல் இரண்டாம் நிலை, இது குலைத்தல். தனக்கு உரிமையில்லாத இடத்திலிருந்து உறுப்பைக் கொணர்தல் மூன்றாம் நிலை; இதற்குரிய பெயரை நாம் சொல்ல வேண்டுவதில்லை. பொருத்தி முடித்தபின் மூன்றும் ஒன்றுபோலவே காட்சி தரும். பித்தளை பளபளக்கும், அது வந்த வழியைச் சொல்லாது. அதனாலேயே சொல்லும் கடமை பொருத்தியவனுக்கு ஆகின்றது.

மூன்றாம் நிலையைப் பற்றித் தங்கவயல் மக்கள் சற்று வெளிப்படையாகவே பேசுதல் நன்று. சுரங்கம் மூடியபின், காவலற்ற இடங்களிலிருந்து இரும்பும் செம்பும் களவு போயின. மூடிய சுரங்கங்களுள் துணிந்து நுழைந்து உயிரிழந்தோரும் உண்டு. ‘எங்கள் பாட்டன் குருதி சிந்திய இடம், இதில் ஒரு துண்டு எங்களுக்கு உரியதாகாதா?’ என்று கேட்போரின் நெஞ்சக் குமுறல் நமக்குப் புரியாததன்று. பாறை வெடிப்பில் மாண்டவரும், கல்தூசி உண்ட நுரையீரலோடு வீடு திரும்பியவரும் இவ்வூரில் பலர். அவர்தம் உழைப்பிற்கு ஈடாக எதைக் கொடுத்தாலும் தகும்.

ஆனால், உழைப்பினால் வரும் உரிமை ஒருவனுக்கு மட்டும் வருவதன்று. உடன் உழைத்த அனைவருக்கும் பொதுவாக வருவது. அழுத்தமானியை ஒருவன் எடுத்தான். விசையுருளையின் பித்தளைத் தட்டை மற்றொருவன் எடுத்தான். கூண்டின் மணியை வேறொருவன் எடுத்தான் எனில், மூவர் வீட்டிலும் நினைவுச் சின்னம் இருக்கும். ஊருக்கு நினைவு இராது. பேரப்பிள்ளைகளை அழைத்துச் சென்று, ‘இவ்வியந்திரந்தான் உன் பாட்டனை மண்ணுக்குள் இறக்கியது, இதுவே மேலே ஏற்றியது’ என்று காட்டுவதற்கு முழுப்பொருள் வேண்டும். ஆகவே, முறைப்படி ஏலத்தில் விற்ற பொருளை விலை கொடுத்து வாங்கியிருப்பின், அவ்விளைஞன் அதனைத் தன் வண்டியில் பதிப்பதில் குற்றமில்லை. இல்லையேல், அன்பின் பெயரால் செய்தாலும் அது தன் பாட்டனின் தோழர்களிடமிருந்து எடுத்ததே ஆகும்.

அடுத்து, அவ்வண்டி பழையதா புதியதா என்னும் வினாவிற்கு வருவோம். கிரேக்க மக்களிடையே வழங்கிய பழங்கதை ஒன்று உண்டு. தீசியசு என்னும் வீரனின் மரக்கலத்தை ஏதென்சு மக்கள் காத்து வந்தனர். பலகை உளுத்தபோதெல்லாம் புதுப்பலகை இட்டனர். நாளடைவில் பழம்பலகை ஒன்றும் எஞ்சவில்லை எனில், அது அதே கலமா என்று அறிஞர் வாதிட்டனர் எனப் புளூட்டார்க்கு எழுதுகின்றார். 1655ஆம் ஆண்டில் ஆங்கில அறிஞர் தாமசு ஆப்சு இதனை மேலும் சிக்கலாக்கினார். கழித்த பழம்பலகைகளை எல்லாம் ஒருவன் சேர்த்து வைத்து, அவற்றைக் கொண்டே அதே வடிவில் இன்னொரு கலம் கட்டினால், எது உண்மைக் கலம் என்று கேட்டார். இரண்டும் ஒன்றே என்பது பொருந்தாது. நாம் இட்ட பெயர் எதனைக் குறிக்கின்றது, பொருளையா, வடிவத்தையா என்று முதலில் தெளிதல் வேண்டும் என்பது அவர் கண்ட விடை.

நம் நாட்டிலும் இவ்வாராய்ச்சி பழையதே. மிலிந்தன் என்னும் கிரேக்க அரசனிடம் நாகசேனர் என்னும் பௌத்தத் துறவி, அவன் ஏறி வந்த தேரைக் காட்டி, அச்சு தேரா, சக்கரம் தேரா, ஏர்க்கால் தேரா என்று ஒவ்வொன்றாக வினவினார். எதுவும் தனித்துத் தேர் அன்று; உறுப்புகள் கூடியவிடத்து வழங்கும் பெயரே தேர் என்று தெளிவித்தார். தமிழ் இலக்கணமோ இவ்வுறவினை முதல், சினை என்னும் இரு சொற்களால் எளிதில் விளக்குகின்றது. முழுப்பொருள் முதல், அதன் உறுப்பு சினை. தலைக்கு ஒரு பழம் கொடு என்னும்போது தலை என்னும் சினைப்பெயர் முழு ஆளைக் குறித்து நிற்கின்றது. சினையின் பெயரால் முதலை அழைக்க இலக்கணம் இடம் தருகின்றது. ஆனால், கேட்பவன் அதனை ஆகுபெயர் என்று அறிந்திருக்கிறான். எவரும் வெறுந்தலைக்குப் பழம் கொடுப்பதில்லை. கேட்பவன் அறியாதபடி சினையின் பெயரை முதலுக்கு இடும்போதுதான் இலக்கணம் பொய்யாக மாறுகின்றது. ஒரு பழைய விளக்கையும் ஒரு பழைய பெயர்த் தகட்டையும் பொருத்திவிட்டு, ‘இது 1947ஆம் ஆண்டு வண்டி’ என்று விற்பவன் செய்வது அதுவே.

சட்டமும் இவ்விடத்தில் ஒரு கோடு கிழித்துள்ளது. ஐம்பது ஆண்டைக் கடந்த வண்டிகளைத் தொன்மை வண்டிகளாகப் பதிவு செய்ய 2021ஆம் ஆண்டில் இந்திய அரசு விதி வகுத்தது. வண்டி தன் மூல வடிவில் பேணப்பட்டிருத்தல் வேண்டும். பெரும் மாற்றத்திற்கு உள்ளாகியிருத்தல் கூடாது என்பது அதன் நிபந்தனை. மறுபுறம், 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, செய்தவர் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கின்றது; 2019ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றமும் அதனை வலியுறுத்தியது. எனவே நம் இளைஞனின் வண்டி, தொன்மை வண்டி என்னும் பெயருக்கும் உரியதன்று; கேளாமல் பொதுச்சாலையில் ஓட்டுதற்கும் உரியதன்று. இதனைக் கொடுமை என்பர் சிலர். நாம் அவ்வாறு கருதவில்லை. சாலை என்பது கட்டியவனுக்கு மட்டும் உரியதன்று. எதிரே நடந்து வரும் தாயும் சேயும் அவன் திறமையை நம்பி உயிரைப் பணயம் வைக்க வேண்டியதில்லை.

பொருத்தும் தொழிலின் நுட்பமே இதற்குச் சான்று பகர்கின்றது. பிரித்தானிய இயந்திரங்களில் வழங்கிய விட்வொர்த் மரையின் கோணம் 55 பாகை. அமெரிக்க மரைக்கும் மெட்ரிக் மரைக்கும் கோணம் 60 பாகை. அரை அங்குல விட்வொர்த் போல்ட்டில் அங்குலத்திற்கு 12 மரைகள். அமெரிக்கப் பருமரையில் 13. ஆகவே அரை அங்குல போல்ட் மாறினால், ஓரிரு சுற்றிலேயே இறுகி நின்று உண்மையைச் சொல்லிவிடும். இடர் அங்கில்லை. எட்டில் மூன்று அங்குல அளவில் இரு முறைகளிலும் அங்குலத்திற்கு 16 மரைகளே. அங்கே மாற்று போல்ட் தடையின்றி உள்ளே செல்லும், ஸ்பேனருக்கும் இணங்கும். ஆனால், கோணம் வேறாதலின் மரையின் சரிவுகள் முழுமையாக ஒன்றையொன்று தாங்கா. நின்ற வண்டியில் நலமாகத் தோன்றும். குலுங்கும் வண்டியில் ஒருநாள் கைவிடும். பொருந்தாத உறுப்பை விடப் பொருந்துவது போன்ற உறுப்பே கேடு மிக்கது என்பது பட்டறை கற்பிக்கும் பாடம்.

பழைய இரும்பில் கண்ணுக்குத் தெரியாத விரிசலும் இருக்கலாம். கைதேர்ந்தோர் உறுப்பை மண்ணெண்ணெயில் ஊறவைத்து, நன்கு துடைத்து, அதன்மேல் சுண்ணாம்பைப் பூசிக் காத்திருப்பர். விரிசல் இருப்பின், உள்ளே புகுந்த எண்ணெய் கசிந்து வெண்பூச்சில் ஒரு கருங்கோடாகத் தெரியும். பழமையை மதிப்பவன் அதனைச் சோதிக்க அஞ்சுவதில்லை. அமெரிக்க இளைஞரும் இதனை அறிந்திருந்தனர். போர்டு நிறுவனம் 1939ஆம் ஆண்டு வண்டிகளில்தான் எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் பிரேக்கைக் கொணர்ந்தது. அதற்கு முந்தியவை கம்பியால் இழுக்கப்பட்டவை. விவரமறிந்தோர் 1932ஆம் ஆண்டு வண்டியில் வலிய இயந்திரத்தைப் பொருத்தியபோது, பழைய பிரேக்கை எடுத்துவிட்டு இப்புதிய பிரேக்கையும் உடன் பொருத்தினர். விரைவைக் கூட்டியவன் நிறுத்தும் வலிமையையும் கூட்டினான். அழகுக்காகப் பழைய விளக்கை வைத்துக்கொள்ளலாம். பழமைக்காகப் பழைய பிரேக்கை வைத்துக்கொள்ளலாகாது.

இனி, பழையதைக் கலைத்துப் புதியது கட்டுவதற்கு நம் மரபிலேயே ஓர் உயர்ந்த முன்மாதிரி உண்டு. திருமழபாடிக் கோயில் விமானத்தைப் பிரித்துப் புதிதாக எடுக்க முதலாம் இராசராசன் காலத்தில் ஆணை பிறந்தது. பழஞ்சுவர்களில் கொடைகளைக் குறித்த கல்வெட்டுகள் இருந்தன. அவற்றை முதலில் ஏட்டில் படியெடுத்துக்கொண்டு, அதன் பின்னரே கட்டடத்தைப் பிரித்தனர். புதுக்கோயில் எழுந்தபின், இராசேந்திரன் காலத்தில் அப்படிகளைப் பார்த்துப் புதுச்சுவரில் மீண்டும் பொறித்தனர். கல் மாறியது, கொடுத்தவன் பெயர் மாறவில்லை. பிற்காலத் திருப்பணிகள் பலவற்றிலோ, எழுத்துள்ள கற்கள் தலைகீழாகவும் துண்டு துண்டாகவும் சுவரிலும் தரையிலும் பதிக்கப்பட்டுக் கிடப்பதைக் காண்கிறோம். இரு சாராரும் பழைய கோயிலைப் பிரித்தவர்களே. முன்னவர் படித்துவிட்டுப் பிரித்தனர். பின்னவர் படியாமல் பிரித்தனர். அறத்தின் வேறுபாடு இவ்வளவே.

இதிலிருந்து நம் இளைஞனுக்கு மூன்று கடமைகள் பெறப்படும். எவ்வுறுப்பு எங்கிருந்து, எவரிடமிருந்து, எந்நாளில் வந்தது என்று ஒரு குறிப்பேட்டில் எழுதி வைத்தல் முதற்கடமை. இஃது உறுப்புக்குச் செலுத்தும் கடன். உயிரைத் தாங்கும் இடங்களில் பழமையைச் சோதித்தன்றி ஏலாமை இரண்டாம் கடமை. இஃது உடன் வருவோர்க்குச் செலுத்தும் கடன். கேட்போர்க்கு, ‘இது நான் கட்டிய வண்டி, இதில் இன்னின்னவை பழையவை’ என்று உள்ளவாறு உரைத்தல் மூன்றாம் கடமை, இஃது உண்மைக்குச் செலுத்தும் கடன். இம்மூன்றையும் செய்தால் அவ்வண்டி போலியாகாது. ஒரு புதுப்பொருளாக நிமிர்ந்து நிற்கும். சைவ சித்தாந்திகள் குடத்திற்கு மண்ணை முதற்காரணமாகவும், திகிரியைத் துணைக்காரணமாகவும், குயவனை நிமித்த காரணமாகவும் கூறுவர். மண் பழையது, குடம் புதியது, குயவன் பொறுப்பாளி. பழைய மண்ணைக் காட்டிக் குயவன் தன் பொறுப்பிலிருந்து நழுவ இயலாது.

நம் குடும்பங்களும் இவ்வாறு கட்டப்பட்டவை அல்லவா? ஆர்க்காட்டுச் சிற்றூரிலிருந்து ஒரு குலதெய்வம், பட்டறையிலிருந்து சில ஆங்கிலச் சொற்கள், கடைத்தெருவிலிருந்து கன்னடமும் தெலுங்கும், பள்ளியிலிருந்து வேறொரு மொழி என உறுப்புகள் சேர்ந்து ஒரு வாழ்வாயின. சுரங்கம் மூடியபின் மாரிக்குப்பத்திலிருந்து விடியலில் இரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குச் செல்லும் பிள்ளைகளும், கடல் கடந்து வாழும் பிள்ளைகளும் அவ்வாழ்வில் மேலும் சில உறுப்புகளைச் சேர்த்துக்கொண்டே இருக்கின்றனர். ‘நீங்கள் தூய தமிழரல்லர்’ என்று ஒருவர் சொல்லக் கேட்டு நாம் நாணுவதும், ‘நாங்கள் மாறவே இல்லை’ என்று நாமே சொல்லிக்கொள்வதும் இரண்டும் பிழையே. மாறாத வண்டி காட்சிக்கூடத்தில் நிற்கும். ஓடுகின்ற வண்டியில் உறுப்புகள் மாறியே தீரும்.

நாணத்தக்கது மாற்றமன்று, மறதியே. நம் பேச்சில் எச்சொல் எங்கிருந்து வந்தது, நம் வீட்டு வழக்கம் எந்தத் தாயின் கையால் வந்தது என்று பிள்ளைகளுக்குச் சொல்லாமல் விடுவோமாயின், நாமும் எழுத்துக் கல்லைத் தலைகீழாகப் பதித்தவர் ஆவோம். பழைய வழக்கங்களுள் ஒருவரைத் தாழ்த்தும் வழக்கம் ஏதேனும் இருப்பின், அது விரிசலுற்ற அச்சு. பாட்டன் கொணர்ந்தது என்பதற்காக அதனைப் பிள்ளைகளின் வண்டியில் பூட்டுதல் அன்பாகாது. சுண்ணாம்பு பூசிப் பார்த்து, கருங்கோடு தெரிந்தால் எடுத்து வைத்துவிடுதலே நேர்மை.

அவ்விளைஞனின் கொல்லைக்கு மீண்டும் செல்வோம். முன்பலகையில் பித்தளை அழுத்தமானி பொருத்தப்பட்டுவிட்டது. அது இப்போது எக்காற்றையும் அளக்கவில்லை. அதன் முள் சுழியில் நிற்கின்றது. அருகில் ஒரு சிறு தகட்டில், அது எந்தச் சுரங்கத்தது, எவ்வாறு பெறப்பட்டது என்பதை அவன் பொறித்துள்ளான். வண்டியில் ஏறும் சிறுவன் அதனைத் தொட்டு, ‘அண்ணா, இது எதற்கு?’ என்று கேட்கின்றான். ஓட்டுதற்கு அது பயன்படாது. ஆயினும், மண்ணுக்குள் மூன்று கிலோமீட்டர் ஆழத்தில் மனிதர் உழைத்த வரலாறு அக்கேள்வியிலிருந்து தொடங்குகின்றது. இயந்திரத்தை முடுக்குமுன் அவ்விடையைச் சொல்லி முடிக்க அவனுக்குப் பொறுமை இருக்குமாயின், பழைய உறுப்பு தனக்குரிய இடத்தில்தான் இருக்கின்றது எனலாம்.